‘அழகான வீடு 3’ எந்த ஊர் வீடு?

2023 ஐப்பசியில் காரைக்குடியில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து விக்கிமீடியா பொதுவகம் என்ற இணையப் படக் களஞ்சியத்துக்காக ஓர் ஒளிப்படப் போட்டி நடத்தினோம். 412 படங்கள் வந்தன. பரிசு கொடுத்தோம், சான்றிதழ் கொடுத்தோம், நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தோம்.

நாலு மாதம் கழித்துப் பினாங்கிலிருந்து ஒருவர் போன் செய்தார். "எங்க ஐயா கட்டுன வீட்டைப் போன மாசம் பிரிச்சுட்டாக தம்பி. பங்காளிக எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு. நீங்க போட்டி வச்சப்ப அந்தத் தெருவுல பிள்ளைக படம் எடுத்தாகன்னு சொன்னாக. எங்க வீடு அதுல இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க" என்றார்.

இரண்டு இரவு உட்கார்ந்து பார்த்தேன். இருந்திருக்கலாம். ஆனால் கோப்புகளின் பெயர் "அழகான வீடு 1", "அழகான வீடு 2", "அழகான வீடு 3" என்று போனது. விவரத்தில் "செட்டிநாடு" என்ற ஒரே சொல். ஊர் இல்லை, தெரு இல்லை, இடக்குறிப்பு இல்லை. அவர் எட்டு வயதில் ஊரை விட்டுப் போனவர். வளவில், அதாவது வீட்டுக்குள் இருக்கும் முற்றத்தில், ஓடி விளையாடியது ஞாபகம் இருக்கிறது, முகப்பு ஞாபகம் இல்லை. பத்துப் பன்னிரண்டு படங்களை அனுப்பினேன். "இதுவா இருக்குமோ, அதுவா இருக்குமோ தெரியலையே" என்று சொல்லி வைத்துவிட்டார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

2025 தையில் மறுபடியும் நடத்தினோம். இந்தத் தடவை சரியாக வந்தது. இரண்டையும் நடந்த வரிசையில் எழுதி வைக்கிறேன், வேறு ஊரில் யாராவது செய்யப்போனால் எங்கள் இரண்டு வருடம் அவர்களுக்கு மிச்சமாகட்டும்.

பொதுவகம் 2004இல் தொடங்கிய கட்டற்ற ஊடகக் களஞ்சியம். விக்கிப்பீடியாவில் பார்க்கும் படங்களில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. அதற்குப் படம் சேர்க்கப் போட்டி வைப்பது புதிதல்ல. 2010இல் நெதர்லாந்தில் தொடங்கிய ‘விக்கி நினைவுச்சின்னங்களை விரும்புகிறது’ போட்டி ஒவ்வொரு செப்டம்பரிலும் பல நாடுகளில் நடக்கிறது. தமிழிலும் 2011-12இல் தமிழ் விக்கி ஊடகப் போட்டி நடந்தது. செப்டம்பர் போட்டியிலேயே சேர்ந்துகொள்ளலாமே என்று முதலில் பேசினோம். அது பட்டியலில் ஏறிய நினைவுச்சின்னங்களை வைத்து நடப்பது. திருமயம் கோட்டை மாதிரித் தொல்லியல் துறையின் கையில் இருப்பவற்றுக்குச் சரி. எங்கள் ஊர் வீடுகள் தனியார் சொத்து. 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் ஏறின என்றாலும், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு எண் போட்ட பட்டியல் எங்கள் கையில் இல்லை. அதனால் தனியாகவே நடத்தினோம்.

முதல் தடவை செய்த தப்புகள்

முதல் தப்பு மாதம். ஐப்பசி அடைமழைக் காலம். பத்து நாள் போட்டியில் ஆறு நாள் மழை. அதைவிடப் பெரிய விஷயம், அந்தச் சமயத்தில் பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கும். கல்யாணம், அறுபதாம் கல்யாணம், பொங்கல் என்றால்தான் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆட்கள் வந்து திறப்பார்கள். பூட்டிய வீட்டை வெளியே நின்று எடுத்தால் முகப்பு மட்டும்தான் கிடைக்கும். 412இல் பாதிக்கு மேல் முகப்பு. அதிலும் காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீடு மட்டும் 70க்கு மேல்.

இரண்டாவது, பயிற்சி வகுப்பு. ஒரு கல்லூரிக் கணினிக்கூடத்தில் 35 மாணவர்களை உட்கார வைத்து, எல்லோரும் கணக்குத் தொடங்குங்கள் என்றோம். ஆறு பேருக்குத் தொடங்கியது. ஏழாவது ஆளுக்கு மறுத்துவிட்டது. ஒரே இணைய முகவரியிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு கணக்குக்கு மேல் தொடங்க முடியாது என்ற கட்டுப்பாடு விக்கிமீடியாவில் இருக்கிறது. கூடம் முழுக்க ஒரே இணைப்பு. மதியம் வரை பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள், பாதிப் பேர் சாப்பாட்டுக்குப் பிறகு வரவே இல்லை. இதற்கு முன்கூட்டியே எழுதி விலக்குக் கேட்கலாம். அல்லது வகுப்புக்கு வருவதற்கு முன்பே வீட்டிலிருந்து கணக்குத் தொடங்கி வரச் சொல்லலாம். இரண்டாவது வழிதான் சுலபம்.

மூன்றாவது, வாட்ஸ்அப். "எங்களால் ஏற்ற முடியவில்லை, உங்களுக்கு அனுப்புகிறோம், நீங்களே போடுங்கள்" என்று 40 பேர் படம் அனுப்பினார்கள். நாங்களும் போட்டோம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் நீளப்பக்கம் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும், எந்தக் கேமரா, எந்தத் தேதி என்ற தகவல் எல்லாம் உதிர்ந்துவிடும். அதோடு எடுத்தவர் ஒருவர், ஏற்றியவர் ஒருவர். உரிமை யாருடையது என்ற கேள்வி வருவது நியாயம்தான். பொதுவகத்தில் நீக்கல் கோரிக்கை வைத்தார்கள், பதில் சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை. 58 படங்கள் போயின. அதில் சில இணையத்தில் எடுத்து ஒட்டியவை, சில நாட்காட்டிப் படங்களின் நகல்.

நாட்காட்டிப் படம் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் எது தொங்குகிறதோ அதையும் எடுக்க ஆசை வரும். நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, கட்டடத்தை எடுப்பதில் தடை இல்லை. பொது இடத்தில் நிலையாக வைத்த சிற்பத்துக்கும் தடை இல்லை. ஓவியத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. ஓவியர் இறந்து 60 வருடம் ஆக வேண்டும். ரவி வர்மா 1906இல் இறந்தார், அவர் படம் தாராளமாகப் போடலாம். கோவில்பட்டி கொண்டைய ராஜு இறந்தது 1976. அவர் வரைந்த முருகன் எவ்வளவு அழகாகச் சுவரில் சிரித்தாலும் 2036 முடியும் வரை விட்டுவைக்க வேண்டும். முதல் தடவை இதை யாருக்கும் சொல்லவில்லை.

நான்காவது, பகுப்பு. பொதுவகத்தில் படங்களை வகைப்படுத்தும் தலைப்பு அது. போட்டிக்கான பகுப்பின் பெயரைப் பங்கேற்பவர்களே தட்டச்சுச் செய்ய வேண்டியிருந்தது. ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். எண்ணிப் பிடித்துக் கோக்கவே ஒரு வாரம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு, பரிசு. "சிறந்த படம்" என்று ஒரே அளவுகோல். முதல் பரிசு 10,000 ரூபாய். அதனால் எல்லோரும் பரிசு வாங்கும் படத்தைத்தான் எடுத்தார்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வெயில் விழுவது, தூண் வரிசை, நீலக் கண்ணாடி ஜன்னல். அவர்களைக் குறை சொல்ல முடியாது, நாங்கள் கேட்டது அதைத்தான்.

பட்டியல் போட்ட மாதம்

பினாங்குக்காரரின் போனுக்குப் பிறகு, அடுத்த போட்டிக்கு முதல் வேலையாக ஒரு நோட்டு வாங்கி ஊர் வாரியாக எழுத ஆரம்பித்தேன். பொதுவகத்தில் ஒவ்வொரு ஊரின் பகுப்பையும் திறந்து பார்த்து, எதற்குப் படம் இருக்கிறது, எதற்கு இல்லை என்று குறித்தேன். கானாடுகாத்தானுக்குக் கொட்டிக் கிடக்கிறது. அதிலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் இருக்கும் ஊர்களுக்கு ஒன்றிரண்டுதான் தேறியது. நகரத்தார் கோவில்கள் ஒன்பதில் பிள்ளையார்பட்டிக்கு நிறைய. சூரக்குடி, இலுப்பைக்குடி, நேமம் பக்கம் கொஞ்சம்தான்.

வீடு மட்டும் இல்லாமல் ஊருணி, படித்துறை, தேர்முட்டி, சந்தை, கொட்டான் முடைவது, கண்டாங்கித் தறி, ஆத்தங்குடிக் கல் வார்ப்பது, பலகாரம் என்று 140 வரி சேர்ந்தது. ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண். பங்கேற்பவர் எண்ணைச் சொல்லித்தான் ஏற்ற வேண்டும். இந்த நோட்டுக்கு ஒரு மாதம் பிடித்தது. மொத்தப் போட்டியிலும் உபயோகமான வேலை இதுதான் என்று இப்போது சொல்வேன்.

கோவில்களுக்குள் படம் வேண்டாம் என்று விதியிலேயே எழுதிவிட்டோம். 2022 டிசம்பரில் உயர்நீதிமன்றம் கோவில்களுக்குள் செல்பேசிக்குத் தடை போடச் சொன்ன பிறகு வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். கோபுரம், ஊருணி, வெளிமதில் போதும்.

ஆச்சியின் கேள்வி

வீட்டுக்காரர் அனுமதிக்கு முதல் தடவை இரண்டு பக்கப் படிவம் அடித்திருந்தேன். சட்டத் தமிழ். ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. இந்தத் தடவை ஏழே வரி. என்ன எடுப்போம், என்ன எடுக்க மாட்டோம், படம் எங்கே போகும், யார் யார் எடுத்து உபயோகிக்கலாம், ஒரு தடவை கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. கடைசி வரியில் என் போன் எண்.

பள்ளத்தூரில் ஓர் ஆச்சி அதை வாசித்துவிட்டுக் கேட்டார்: "எடுத்துக்கிட்டுப் போயி விப்பீகளா?"

இந்தக் கேள்விக்கு மழுப்பக் கூடாது. "நாங்க விக்க மாட்டோம் ஆச்சி. ஆனா வேற யாராவது நாட்காட்டியில போட்டு வித்தா தடுக்க முடியாது. எடுத்தவர் பேரைப் போடணும், மாத்தி அமைச்சா அதையும் இதே மாதிரி எல்லாருக்கும் விடணும், அவ்வளவுதான் நிபந்தனை" என்றேன். கிரியேட்டிவ் காமன்ஸ் பை-எஸ்ஏ 4.0 உரிமத்தைத் தமிழில் சொன்னால் அவ்வளவுதான். வணிகத்துக்குக் கூடாது என்று தடை போட்ட படத்தைப் பொதுவகம் ஏற்காது.

ஆச்சி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பினாங்குக்கும் சென்னைக்கும் போன் போட்டார், அந்த வீட்டுக்கு ஒன்பது பங்கு. "வளவு வரைக்கும் எடுங்க. சாமி வீட்டுப் பக்கம் வேணாம். பின்கட்டு வேணாம். பூட்டை எடுக்காதீக" என்றார்.

பூட்டை எடுக்காதீர்கள் என்றது எனக்குப் பெரிய பாடம். ஆள் இல்லாத வீடுகளில் நிலை, கதவு, பித்தளைச் சாமான் எல்லாம் களவு போகிற பயம் இங்கே உண்மையானது. உள்ளே என்ன இருக்கிறது, எந்தக் கதவு எங்கே திறக்கிறது என்று நாமே உலகத்துக்குக் காட்டக் கூடாது. அதிலிருந்து விதி இப்படி ஆனது: முகப்புப் படத்துக்கு இடக்குறிப்பு கட்டாயம், வீட்டின் உட்புறப் படத்துக்கு ஊர்ப் பெயர் மட்டும். உள்ளே எடுக்கும்போது செல்பேசி கேமராவில் இருப்பிடத்தை அணைத்துவிட வேண்டும்.

இதிலும் ஒரு இடத்தில் சறுக்கினோம். ஒரு தம்பி அணைக்க மறந்து உட்புறப் படத்தை ஏற்றிவிட்டார். இடத்தகவலை நீக்கிவிட்டு அதே பெயரில் புதுப் பதிப்பை ஏற்றினோம். சரியாகிவிட்டது என்று விட்டோம். மூன்று நாள் கழித்துத்தான் கவனித்தேன், பழைய பதிப்பு கோப்பின் வரலாற்றில் அப்படியே இருக்கிறது, சொடுக்கினால் தகவலோடு திறக்கிறது. பொதுவக நிர்வாகி ஒருவருக்கு எழுதி அதை மறைக்கச் சொன்னோம். முதலிலேயே அணைப்பது ஒன்றுதான் வழி.

படம் எடுத்த இரண்டு நாள்

வேன் வைத்து, இரண்டு சனிக்கிழமை, ஒவ்வொன்றிலும் 14 பேர். காலை ஆறரைக்கு வளவுக்குள் இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. வெயில் ஏறிவிட்டால் முற்றம் வெள்ளையாக வெந்துபோகும், சுற்றி நிற்கும் தூண் எல்லாம் கரிக்கட்டை. ஆறரையிலிருந்து எட்டரை, அப்புறம் சாயங்காலம் நாலரைக்குப் பிறகு. நடுவில் ஊருணி, தறி, அடுப்படி.

கேமரா வைத்திருந்தவர்களுக்கு: முக்காலி, ஐஎஸ்ஓ 100, துவாரம் எஃப் 8, ஒரே இடத்தில் மூன்று படம், 1/15, 1/4, 1 விநாடி. பிறகு டார்க்டேபிளில் சேர்த்துக்கொள்ளலாம், அது இலவச மென்பொருள். செல்பேசிக்காரர்களுக்கு: இரண்டு விநாடி டைமர், சின்ன முக்காலி, திரையில் வானத்தைத் தொடாமல் தூணைத் தொட்டு வெளிச்சத்தை நிறுத்த வேண்டும். 0.5 லென்ஸ் வேண்டவே வேண்டாம், ஓரத்துத் தூண்கள் வில்லாக வளைகின்றன. இடம் போதாவிட்டால் இரண்டு படமாக எடுங்கள் என்றோம்.

நான் மகிழ்ந்து செலவு செய்த சாமான் ஓர் ஏணி. ஆறடி அலுமினிய மடக்கு ஏணி, 3,200 ரூபாய். நிலைக்கு மேலே இருக்கும் கஜலட்சுமிச் செதுக்கைத் தரையில் நின்று அண்ணாந்து எடுத்தால் மேல்பக்கம் குறுகிச் சரிந்து நிற்கும், அடிவிளிம்பு நிழல்தான் பெரிதாகத் தெரியும். ஏணியில் நாலாவது படியில் நின்றால் லென்ஸ் செதுக்குக்கு நேராக வந்துவிடும். இலையின் நரம்பு வரை விழுகிறது. ஏணிக் கால் நாலுக்கும் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி, அடியில் மடித்த துண்டு போட்டோம். நூறு வருடத் தரையில் ஒரு கீறல் விழுந்தாலும் அடுத்த வீட்டுக் கதவு நமக்குத் திறக்காது.

தரைக் கல்லுக்கு 15 சென்டிமீட்டர் இரும்பு ஸ்கேல். பக்கத்தில் வைத்து ஒன்று, வைக்காமல் ஒன்று. கல் எட்டு அங்குலமா, பத்தா, பன்னிரண்டா என்பது அழகுப் படத்தில் தெரியாது. பழுதுபார்க்கிறவருக்கு அதுதான் முதலில் வேண்டும்.

ஆத்தங்குடியில் கல் வார்க்கும் பட்டறையில் ஒரு கல்லூரி மாணவி 14 படம் எடுத்தார். கண்ணாடித் தகட்டைத் துடைப்பது, அதன் மேல் சட்டம், சட்டத்துக்குள் அச்சு, அச்சின் ஒவ்வோர் அறையிலும் வண்ணச் சாந்தை ஊற்றுவது, அச்சைத் தூக்குவது, மேலே உலர்ந்த சிமெண்டு-மணல் தூவுவது, பிறகு கலவை வைத்துக் கரணையால் இழுத்து மட்டம் செய்வது, காய்வது, தண்ணீர்த் தொட்டியில் போடுவது, கண்ணாடியிலிருந்து பிரிந்து வரும்போது பளபளவென்று முகம் தெரிவது. ஒவ்வொரு படமும் தனியாகப் பார்த்தால் சாதாரணம். 14உம் வரிசையாக வைத்தால் அந்தத் தொழிலே அதில் இருக்கிறது. முதல் தடவை விதிப்படி இதற்கு ஒரு பரிசும் கிடைத்திருக்காது. இந்தத் தடவை வரிசைப் படத்துக்கென்று தனிப் பரிசு வைத்திருந்தோம்.

அந்த மாணவியே அச்சைத் தூக்குவதை ஒரு நிமிட வீடியோவாகவும் எடுத்திருந்தார். எம்பி4 கோப்பு. பொதுவகம் வாங்கவில்லை, வெப்எம் போன்ற கட்டற்ற வடிவத்துக்கு மாற்றித்தான் ஏற்ற முடியும். மாற்றித் தரும் கருவி பொதுவகத்துக்கென்றே இருக்கிறது. எங்களுக்கு அதைப் பழக நேரம் போதவில்லை, வீடியோ போட்டிக் காலத்துக்குப் பிறகுதான் ஏறியது.

ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் முதல் தடவை உரிமத்தைக் கேட்டுவிட்டு, "என் பொழப்பே படம் விக்கிறதுதான் தம்பி" என்று விலகிவிட்டார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. இந்தத் தடவை நான் வற்புறுத்தவில்லை, நடுவராக வாருங்கள் என்றேன். வந்தார். போட்டி முடிந்த பிறகு தானாகவே 12 படங்களை முழு அளவில் ஏற்றினார். எல்லாம் அரியக்குடி, வேலங்குடி பக்கத்துத் தேரோட்டப் படங்கள், வேறு யாரிடமும் கிடைக்காதவை.

ஏற்றுவதற்குப் போட்டிக்கென்றே தனிப் பதிவேற்றப் பக்கம் அமைத்துக் கொடுத்தார்கள், பொதுவகத்தில் அதற்கு வசதி இருக்கிறது. உரிமமும் பகுப்பும் தானாக விழும். எழுத்துப்பிழைப் பிரச்சினை அதோடு தீர்ந்தது. எல்லோரும் அவரவர் கணக்கில், அவரவர் டேட்டாவில் ஏற்றினார்கள். டேட்டா தீர்ந்தவர்களுக்கு நாங்கள் போட்டுவிட்டோம், 900 ரூபாய் ஆனது.

மேசை மேல் 150 படம்

விவரம் எழுதுவதற்கு மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கினோம். முதல் தடவை இல்லாத வேலை இது. ஏறிய படங்களில் 150ஐத் தேர்ந்து ஆறுக்கு நாலு அளவில் அச்சடித்தோம், ஒன்று 12 ரூபாய். பெரிய மேசையில் பரப்பிவிட்டு ஊரில் விஷயம் தெரிந்தவர்களைக் கூப்பிட்டோம். நாலு ஆச்சிமார், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், இரண்டு ஆசாரிகள், ஒரு கொத்தனார். பிள்ளைகள் ஆளுக்கொரு சீட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சீட்டில் ஐந்தே கேள்வி: எந்த ஊர், வீட்டில் எந்த இடம், இதற்கு இங்கே என்ன பெயர், எதற்குப் பயன், சொன்னது யார்.

அன்றைக்குக் கேட்ட சொற்களைச் சொன்னால் தீராது. நாங்கள் "தூண் மேல் பகுதி" என்று எழுதியிருந்ததை ஆசாரி போதிகை என்று திருத்தினார். "ஹால்" என்று போட்டிருந்த படத்தைப் பார்த்து ஓர் ஆச்சி, "இது ஆல்வீடு, அது பட்டாலை, ரெண்டும் ஒண்ணில்ல அப்பச்சி" என்று ஒரு பையனுக்குக் கால்மணி நேரம் விளக்கினார். பலகாரப் படம் ஒன்றில் "பணியாரம்" என்று இருந்தது, அது கந்தரப்பம். தப்பான பெயரோடு இரண்டு வாரம் உலகம் முழுக்கத் தெரிந்திருக்கிறது.

அந்த மேசையில் நான் பழைய போட்டியின் ‘அழகான வீடு’ படங்களையும் வைத்திருந்தேன், ஒரு நப்பாசையில். மதியத்துக்கு மேல் பெரிய ஆசாரி மூன்றாம் எண்ணைக் கையில் எடுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது நாங்க பிரிச்ச வீடாச்சே."

எப்படித் தெரியும் என்று கேட்டேன். திண்ணையில் இடப்பக்கம் இரண்டாவது தூணின் போதிகையில் ஒரு ஒட்டு இருக்கிறது, பாருங்கள் என்று நகத்தால் காட்டினார். படத்தில் வேறு நிறத்தில் ஒரு விரல் அகலத் துண்டு. "அந்த ஒட்டுப் போட்டது எங்க அப்பா. பிரிக்கிறப்ப நான்தான் எறக்குனேன்." ஊர் சொன்னார், தெரு சொன்னார், எதிரே இருந்த கிணற்றைச் சொன்னார். பினாங்குக்காரர் சொன்ன அதே தெருதான்.

அன்று இரவே கோப்பின் விவரத்தை எழுதினேன். ஊர், தெரு, பிரித்த வருடம், திண்ணைத் தூணின் ஒட்டு வரைக்கும். பெயரை மாற்றக் கோரிக்கை வைத்தேன், இரண்டு நாளில் மாற்றித் தந்தார்கள். பினாங்குக்கு இணைப்பை அனுப்பினேன். பதில் வர ஒரு நாள் ஆனது. திண்ணையை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். வாட்ஸ்அப்பில் வந்து நாங்கள் ஏற்றிய படம் அது, 1600 பிக்சல். பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைகிறது. எடுத்த பையனைத் தேடிப் பிடித்தேன். அந்தப் போன் உடைந்து போய்விட்டது, மூலப்படம் இல்லை. முடிந்த அளவுக்கு அச்சடித்து அனுப்பினேன். அவர் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.

மதிப்பெண், கணக்கு

மதிப்பெண் 100. படத்தின் தரத்துக்கு 40, இதுவரை படம் இல்லாத பொருளாக இருந்தால் 30, விவரத்துக்கு 30. நடுவர் மூவர். மான்டாஜ் என்ற கருவியில் முதல் சுற்று உண்டு-இல்லை, இரண்டாம் சுற்று நட்சத்திரம். எடுத்தவர் பெயர் நடுவருக்குத் தெரியாமல் மறைத்து வைக்கலாம், எங்கள் ஊர் மாதிரி எல்லோரும் எல்லோருக்கும் சொந்தமாக இருக்கும் இடத்தில் அது பெரிய நிம்மதி. மற்ற 60 மதிப்பெண்ணை லிப்ரே ஆபிஸ் விரிதாளில் நாங்களே போட்டோம்.

முதல் பரிசு ஆத்தங்குடி வரிசைக்கு என்று மூன்று நடுவரும் தனித்தனியாகவே எழுதியிருந்தார்கள்.

முதல் தடவை செலவு 30,500: பரிசு 20,000, கேடயமும் சான்றிதழும் 4,400, ஃபிளெக்ஸ் 2,600, சாப்பாடு 3,500. இரண்டாவது தடவை 29,500: வேன் 9,000, ஏணி 3,200, அச்சு 1,800, சாப்பாடு-டீ 4,600, டேட்டா 900, பரிசு 10,000. பரிசை மூவாயிரம், இரண்டாயிரம், ஆயிரம் ஆயிரமாக ஐந்து என்று பிரித்தோம். பரிசு பாதியானதை ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேடயம் கிடையாது, ஃபிளெக்ஸ் கிடையாது.

படங்கள் 412க்குப் பதில் 367. நீங்கியவை 58க்குப் பதில் 9. ஊர்கள் 7க்குப் பதில் 19. விக்கிப்பீடியா கட்டுரைகளில் ஏறியவை முதல் தடவை 11, இந்தத் தடவை இதுவரை 46.

அடுத்த தைக்கு மாற்ற வேண்டியது நிறைய இருக்கிறது. விவர ஞாயிறை ஒன்றிலிருந்து மூன்றாக்க வேண்டும், பெரியவர்களால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. அச்சை ஆறுக்கு நாலில் போடாமல் எட்டுக்கு ஆறில் போட வேண்டும், ஆச்சிமார் கண்ணுக்கு அது சின்னது. மூலப்படங்களைப் பங்கேற்பவர் போனிலேயே விட்டுவைக்காமல் அன்றன்றைக்கு ஒரு ஹார்டு டிஸ்கில் வாங்கி வைக்க வேண்டும். வீடியோவை மாற்றப் பழகியிருக்க வேண்டும். அப்புறம், பிரிக்கப்போகிற வீடு எது என்று ஊரில் முதலில் தெரிவது ஆசாரிகளுக்குத்தான். பெரிய ஆசாரியிடம் சொல்லி வைத்திருக்கிறேன், கை வைப்பதற்கு முன்னால் ஒரு போன் போடுங்கள் என்று.

போன வாரம் போட்டார். கடியாபட்டிப் பக்கம் ஒரு வீடு, வைகாசி முடிந்ததும் ஆரம்பிக்கிறார்களாம். வீட்டுக்காரரிடம் பேசிவிட்டேன், சாமி வீடு தவிர எல்லாம் எடுக்கலாம் என்று ஏழு வரிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். ஏணிக் காலுக்கு டியூப் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். சனிக்கிழமை காலை ஐந்தரைக்குக் கிளம்புகிறோம்.